உஷார்! அந்த நம்பரில் பேசுவது பழைய வீட்டு ஓனர்தானா?

கோலார் தங்கவயலில் மாடி எழுப்பி வாடகைக்கு விட்டிருப்பவர்களே, மேல் போர்ஷன் வாடகையில் பி.பி. மாத்திரை வாங்கிச் சாப்பிடும் அம்மாக்களே, பெங்களூரில் வேலை, ராபர்ட்சன்பேட்டையில் பூட்டிக் கிடக்கிற அப்பா வீடு என்று இரண்டு ஊருக்கும் நடுவே அல்லாடும் பிள்ளைகளே, கொஞ்சம் நில்லுங்கள். கேட்டில் தொங்கும் டு-லெட் போர்டைப் பார்த்துவிட்டு ஒருவர் வருவார். இஸ்திரி போட்ட சட்டை, பணிவான பேச்சு, கையில் தயாராக ஆதார் ஜெராக்ஸ். நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே அவரே சொல்வார்: "இதுக்கு முன்னாடி இருந்த வீட்டு ஓனர் நம்பர் தர்றேம்மா, நீங்களே பேசிப் பாருங்க." அங்கேதான் உஷாராக வேண்டும். பொறி அந்த நம்பரில் இருக்கலாம்.

என் அத்தை அதில்தான் விழுந்தார்.

மாமாவுக்கு சாம்பியன் ரீஃபில் அண்டர்கிரவுண்டு வேலை. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸை மூடியபோது கைக்கு வந்த செட்டில்மென்ட் பணத்தில் ஆண்டர்சன்பேட்டை வீட்டின் மேல் ஒரு போர்ஷன் கட்டினார். ஒரு ஹால், ஒரு ரூம், சமையற்கட்டு, வெளியே பாத்ரூம். அவர் காலமான பிறகு அத்தைக்கு அந்த வாடகைதான் பென்ஷன் மாதிரி. வீடு கேட்டு வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். இதுவரை பங்காருப்பேட்டையில் குடியிருந்ததாகச் சொல்லி ஓனர் நம்பரும் கொடுத்தான். அத்தை விவரம் தெரியாதவர் இல்லை. உடனே போன் போட்டார். எதிர்முனையில் வயதான குரல். "தங்கமான பையன்மா. ஒண்ணாந்தேதி ஆனா டான்னு வாடகை வந்துடும். சத்தமே கேக்காது. எங்க பொண்ணுக்கு வீடு வேணும்னுதான் காலி பண்ணச் சொன்னோம், இல்லாட்டி விட்டிருக்கவே மாட்டோம்." அத்தைக்கு மனம் குளிர்ந்துவிட்டது. சாவி கைமாறியது.

இரண்டு மாதம் வாடகை வந்தது. மூன்றாவது மாதம் அவன் அம்மாவுக்கு ஆபரேஷன். நான்காவது மாதம் சம்பளம் லேட். ஐந்தாவது மாதம் ஒரு காலை, சாமான் ஏற்றிய டெம்போவோடு புருஷன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். கையில் ஸ்டாம்ப் பேப்பர். "மாடி வீட்டை லீசுக்கு எடுத்திருக்கோம், மூணு லட்சம் கட்டியாச்சு, சாவி இதோ" என்றார்கள். அவர்களிடம் தன்னை வீட்டு ஓனரின் அக்கா மகன் என்று சொல்லியிருக்கிறான். அதற்கு முந்தின நாளே ஆள் போய்விட்டான்.

நானும் என் தம்பியும் பங்காருப்பேட்டைக்குப் போய் அவன் சொன்ன வீட்டைத் தேடினோம். வீடு இருந்தது. ஓனரும் இருந்தார். அவரிடம் செல்போனே இல்லை. ஐந்து மாத பாக்கி வைத்தவனைப் பெரியவர்களை வைத்துப் பேசி, பாக்கியையும் விட்டுக்கொடுத்துக் காலி பண்ண வைத்திருந்தார். அத்தையிடம் போனில் பேசிய 'தங்கமான' குரல் அவனுடைய கூட்டாளியின் குரல். அந்த நிஜ ஓனர் எங்களைப் பார்த்துக் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஒரு தடவை வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே கண்ணு. இருபது நிமிஷ வழிதானே?"

போலீசில் புகார் கொடுத்தோம். ஆனால் இந்த ஊரின் இருப்பிடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் குப்பமும் வி.கோட்டாவும் ஆந்திரா. இன்னொரு பக்கம் இறங்கினால் தமிழ்நாடு. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வேறு மாநிலம், வேறு போலீஸ். ஓடிப் போகிறவனுக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது. அத்தையின் இரண்டு மூன்று மாத வாடகையைக்கூட மறந்துவிடலாம். ஆயுள் சேமிப்பைத் தொலைத்துவிட்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அந்தக் குடும்பத்தை என்ன செய்வது? அத்தையால் அவர்களைத் துரத்த முடியவில்லை. ஆறு மாதம் பாதி வாடகைக்கு இருந்துவிட்டுப் போனார்கள்.

லீஸ் என்றால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மாத வாடகை இல்லை. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து இரண்டு மூன்று வருடம் குடியிருந்து, போகும்போது அதே தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. தமிழ்நாட்டில் போக்கியம், ஒத்தி என்பார்கள். பெங்களூரில் மேலோங்கிய இந்தப் பழக்கம் இங்கேயும் உண்டு. வாடகைக்கு நுழைந்து லீசுக்கு விட்டு மறைகிற மோசடி பெங்களூரில் திரும்பத் திரும்பக் கேள்விப்படுகிற ஒன்று. வீட்டுக்காரரிடம் மாதம் சில ஆயிரம் வாடகை பேசி உள்ளே நுழைகிறான். தானே வீட்டுக்குச் சொந்தம், அல்லது வீட்டுக்காரர் பவர் கொடுத்த ஆள் என்று சொல்லி இன்னொரு குடும்பத்திடம் லட்சக்கணக்கில் லீஸ் பணம் வாங்குகிறான். சில மாதம் அந்தப் பணத்திலிருந்தே வீட்டுக்காரருக்கு வாடகை கட்டுகிறான். பிறகு போன் ஸ்விட்ச் ஆஃப். இப்படிப்பட்டவன் முதல் வீட்டிலேயே ஆரம்பித்திருப்பானா? முன்பு குடியிருந்த வீட்டிலோ அதற்கும் முந்தின வீட்டிலோ ஏதாவது ஒரு சுவடு விட்டுத்தான் வந்திருப்பான். அந்தச் சுவடு இருக்கிற இடம் பழைய ஓனரின் வாசல்.

கம்பெனி இருந்த காலத்தில் இந்தக் கவலையே நம்மவர்களுக்கு இருந்ததில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து சுரங்கம் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து, இங்கே ஒரு மனிதனுக்கு முகவரி என்றால் எந்த மைன், எந்த ஷாஃப்ட், எந்த லைன் என்பதுதான். உரிகம், மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க், மைசூர் மைன் என்று சொன்னால் போதும், அந்த லைனில் நான்கு பேர் அவனுடைய அப்பா பெயரையும் தாத்தாவின் சொந்த ஊரையும் சொல்லிவிடுவார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரி பக்கமிருந்தும் வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே வரிசையில் இருந்தன. நூறு வருடத்துக்கு மேல் அதுதான் நமக்கு ரெபரன்ஸ். 2001-இல் சுரங்கம் மூடியதோடு அதுவும் அறுந்தது. விடிவதற்கு முன்னே மாரிகுப்பத்தில் கிளம்பும் ரயிலில் பெங்களூர் போய் ராத்திரி திரும்புகிற ஊராகிவிட்டோம். பக்கத்து போர்ஷனில் யார் இருக்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தெரிகிறது. ஊர் மாறிவிட்டது. ஆனால் முகம் பார்த்தே நம்புகிற பழக்கம் மட்டும் நம்மிடம் அப்படியே இருக்கிறது. என் பயமெல்லாம் அதுதான்.

"ஆதார் வாங்கி வெச்சிருக்கேன், அது போதாதா?" என்று கேட்பவர்களுக்கு மைசூரில் நடந்ததைச் சொல்கிறேன். 2022 நவம்பர் 19 அன்று மங்களூரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஆட்டோவில் குக்கர் குண்டு வெடித்தது. அதை எடுத்துச் சென்றவன் மைசூர் லோகநாயக நகரில் ஒரு ரூமை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தான். மொபைல் ரிப்பேர் படிக்க வந்திருப்பதாகச் சொல்லியிருந்தான். ரூம் கொடுத்தவர் ஆதார் வாங்கினார், அக்ரிமென்டும் போட்டார். நம்மில் பலரைவிட ஒழுங்காகவே நடந்துகொண்டார். ஆனால் அந்த ஆதார் வேறொரு மனிதருடையது. ஹூப்ளியைச் சேர்ந்த ஒரு ரயில்வே ஊழியர் தொலைத்த அட்டை. செய்யாத குற்றத்துக்கு அவரும் போலீஸ் விசாரணையில் நிற்க வேண்டியிருந்தது. அட்டை என்பது ஒரு பெயரைச் சொல்லும், அவ்வளவுதான். அந்தப் பெயர்க்காரன்தான் உங்கள் முன்னால் நிற்கிறானா, போன வருடம் எங்கே எப்படி வாழ்ந்தான் என்பதையெல்லாம் கூடவே வாழ்ந்து பார்த்த மனிதர்கள்தான் சொல்ல முடியும்.

சென்னைக்காரர்களுக்கு வேளச்சேரி நினைவிருக்கும். பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் நடந்த வங்கிக் கொள்ளைகளுக்காகத் தேடப்பட்ட ஐந்து பேர் 2012 பிப்ரவரியில் அங்கே ஒரு வாடகை வீட்டில் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். படிக்கிற பையன்கள் என்று சொல்லித்தான் வீடு எடுத்திருந்தார்கள். அந்த என்கவுன்டர் சரியா தவறா என்பது தனி வாதம். அதற்குப் பிறகு சென்னை போலீஸ் கமிஷனர் 144-ஆவது பிரிவின் கீழ் உத்தரவு போட்டு, குடியிருப்பவர்களின் விவரத்தை வீட்டுக்காரர்கள் ஸ்டேஷனில் தர வேண்டும் என்றார். அது அவசியமான நடைமுறைதான். ஆனால் ஸ்டேஷனில் ஃபார்ம் கொடுத்தால் கிரிமினல் கேஸ் உண்டா என்று பார்ப்பார்கள். ஐந்து மாத பாக்கி வைத்தானா, போகும்போது ஃபேனைக் கழற்றிக்கொண்டு போனானா, வீட்டை உள்வாடகைக்கு விட்டானா என்பதெல்லாம் எந்த ஸ்டேஷன் ரெக்கார்டிலும் இருக்காது.

சரி, பழைய ஓனரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் எந்த ஓனரிடம்? இங்கே பலரும் தவறுகிறார்கள். இப்போது குடியிருக்கிற வீட்டின் ஓனரிடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். அவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தொல்லை தருகிற ஆள் எப்படியாவது போய்த் தொலைந்தால் போதும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால், உங்களிடம் புகழ்ந்துதான் பேசுவார். ஒழுங்காக வாடகை கட்டுகிற நல்ல குடும்பத்தை விட மனமில்லை என்றால், வேண்டுமென்றே ஒரு குறையைச் சொல்லி வைப்பார். இரண்டுக்கும் இடம் உண்டு. அதற்கும் முந்தின வீட்டின் ஓனருக்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கணக்கு முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. அவர் வாயில்தான் உண்மை வரும். இரண்டு வீட்டு விலாசத்தையும் கேளுங்கள். முந்தின வீட்டைச் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஓனரின் நம்பர் வீடு கேட்டு வந்தவர் கொடுத்ததாக இருக்கக்கூடாது, அல்லது அவர் கொடுத்த நம்பரை வேறு வழியில் சரிபார்க்க வேண்டும். அதற்கு இப்போது ஒரு நல்ல வழி இருக்கிறது. "வாடகையை எப்படிக் கொடுத்தீங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். பெரும்பாலும் போன்பே, ஜிபே என்பார்கள். "அப்படின்னா பழைய வாடகை போட்டதைக் கொஞ்சம் காட்டுங்க தம்பி" என்று சொல்லுங்கள். மாதா மாதம் எந்தத் தேதியில் எவ்வளவு போயிருக்கிறது, யார் பெயருக்குப் போயிருக்கிறது என்பது அந்த வரிசையிலேயே தெரியும். பணம் போன பெயரும் நம்பரும் 'பழைய ஓனர்' என்று கொடுத்த பெயரோடும் நம்பரோடும் பொருந்துகிறதா? வீட்டுக்காரரின் மகனுக்கோ மருமகளுக்கோ போட்டிருக்கலாம், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரு மாதமும் காட்ட முடியாமல் எல்லாமே கேஷ் என்றால் மேலே தொடர்ந்து கேளுங்கள்.

இன்னொரு வழி நம் கர்நாடக மாநிலத்துக்கே உரியது. 2023-இல் வந்த கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் வரை கரண்ட் இலவசம். சொந்த வீட்டுக்காரர் மட்டும் இல்லாமல் வாடகைக்கு இருப்பவரும் தன் ஆதாரை அந்த வீட்டு மீட்டரின் ஆர்.ஆர். நம்பரோடு சேர்த்துப் பதிவு செய்துகொள்ளலாம். அப்படியானால் முந்தின வீட்டில் நிஜமாகவே குடியிருந்தவருக்கு அந்தப் பதிவின் ரசீது போனிலேயே இருக்க வாய்ப்பு உண்டு. பெஸ்காம் கரண்ட் பில்லில் ஆர்.ஆர். நம்பரும் வீட்டுக்காரரின் பெயரும் அச்சாகியிருக்கும். பழைய பில் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஓனர் பெயர் பில்லில் ஒன்று, போனில் பேசியவர் சொன்னது இன்னொன்று என்றால் விஷயம் அங்கேயே வெளிச்சமாகிவிடும். புது வீட்டில் சலுகை வேண்டுமென்றால் பழைய இணைப்பை எப்படியும் அவர் நீக்கியாக வேண்டும். அதனால் இந்தக் கேள்வியை அவர் நன்மைக்காகக் கேட்பது போலவே கேட்கலாம்.

மைன்ஸ் காலனி பக்கமிருந்து வருகிறவர்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கையும் ஒரு வேண்டுகோளும் சேர்ந்தே உண்டு. லைன் வீடுகள் கம்பெனி கட்டியவை. குடியிருக்கிற பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு உரிமைப் பத்திரம் கொடுப்பது வருடக்கணக்காக இழுக்கிற விவகாரம். ஆகவே அங்கே ஓனர் என்று ஒருவர் பேசினால் அவருக்கு அந்த வீட்டின் மேல் என்ன பாத்தியதை என்பது கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் பத்திரம் இல்லை என்பதற்காக அங்கே வாழ்ந்த குடும்பத்தை ஒதுக்கிவிடாதீர்கள். லைனில் பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்கிற ஒரு வார்த்தை, ஸ்டாம்ப் பேப்பரைவிட நம்பகமானது.

போனில் பேசுவது என்றால் என்ன கேட்பது? "ஆள் எப்படி, நல்லவரா?" என்று கேட்டால் "ரொம்ப நல்லவர்" என்றுதான் பதில் வரும். அதனால் பிரயோஜனம் இல்லை. எந்த மாதம் வந்தார்கள், எந்த மாதம் போனார்கள், எத்தனை பேர் இருந்தார்கள், அட்வான்ஸ் எவ்வளவு, அதில் எதற்காவது பிடித்தீர்களா, தண்ணீர் டேங்கர் வந்தால் பணம் யார் கொடுத்தது, காலி பண்ணுவதை எவ்வளவு முன்னால் சொன்னார்கள் என்று கேளுங்கள். நிஜமாகவே வீடு விட்டவருக்கு இதெல்லாம் யோசிக்காமல் வரும். கூட்டாளிக்குத் தொண்டையில் சிக்கும். நடுவில் தெரியாதது போல ஒன்றைத் தப்பாகச் சொல்லிப் பாருங்கள். "அந்த மாடி போர்ஷன்லதானே இருந்தாங்க?" கீழ் போர்ஷன் விட்ட ஓனர் உடனே திருத்துவார். எழுதிக் கொடுத்ததைப் படிப்பவன் "ஆமாமா" என்பான். கடைசியாக, "உங்க வீடு திரும்பக் காலியானா இவங்களுக்கே விடுவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வருவதற்கு முன்னால் இருக்கிற அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று கவனியுங்கள். நான் பழைய ஓனர்களிடம் பேசியபோதெல்லாம் அந்த மௌனம் சொன்னது பொய்யானதில்லை.

முடிந்தால் நேரிலேயே போங்கள். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பெம்ல் நகரோ பேத்தமங்கலமோ எவ்வளவு தூரம்? அந்தத் தெரு முனையில் இருக்கிற பெட்டிக்கடையில் ஒரு டீ குடியுங்கள். மளிகைக்கடை அண்ணனுக்குக் கடன் பாக்கி யார் யார் என்பது தெரியும். இஸ்திரி போடுபவருக்கு எல்லாமே தெரியும். பெங்களூரில் இருந்துகொண்டு போனிலேயே வீட்டை விடுகிற பிள்ளைகளுக்கு இதை இரண்டு மடங்கு அழுத்திச் சொல்கிறேன். உங்களால் வர முடியாவிட்டால் இங்கே இருக்கிற சித்தப்பாவையோ கூடப் படித்தவனையோ அனுப்புங்கள். புரோக்கர் பார்த்துவிட்டார் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். சாவி கைமாறினால்தான் அவருக்குக் கமிஷன். பழைய ஓனர் வாசல் வரை போய்க் கேட்பதில் அவருக்கு என்ன லாபம்?

உள்ளே விட்டபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு பெரிய ஆபத்து. பதினொரு மாத அக்ரிமென்ட் ஏன் போடுகிறோம்? ஒரு வருடத்துக்கு மேல் போனால் 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி ரிஜிஸ்டர் செய்ய வேண்டும் என்பதால். அதனால் பதினொரு மாதம் முடிந்தால் ஆள் தானாகக் கிளம்பிவிடுவார் என்று அர்த்தமில்லை. மாத வாடகைக்காரரைக் காலி பண்ணச் சொல்ல 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டம் பதினைந்து நாள் நோட்டீஸ் என்கிறது. நோட்டீசுக்கு அசையாவிட்டால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். கோர்ட் என்றால் வருடங்கள். கோபத்தில் பூட்டை மாற்றினாலோ கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தினாலோ நீங்கள்தான் சட்டத்தின் முன்னால் தப்பு செய்தவர் ஆவீர்கள். வாடகைக்கு வருகிறவர் வீட்டுக்குள் கால் வைக்கும் முன் இருக்கிற ஓரிரண்டு நாள் மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது.

இப்போது ஊருக்குள் புது வேஷம் ஒன்று சுற்றுகிறது. நேரில் வராமலே வீடு கேட்பவர். ஆன்லைனில் நீங்கள் போட்ட விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிடுவார். தன்னை மிலிட்டரி அதிகாரி, சி.ஐ.எஸ்.எஃப். அதிகாரி என்பார். டிரான்ஸ்ஃபர் ஆகி வருவதாகச் சொல்லி யூனிஃபார்ம் போட்டோவும் ஐ.டி. கார்டும் அனுப்புவார். வீட்டைப் பார்க்கவே மாட்டார், வாடகையைப் பற்றி பேரமும் பேச மாட்டார். அட்வான்சை மிலிட்டரி அக்கவுன்டிலிருந்து அனுப்புவதாகவும், அதற்கு முதலில் நீங்கள் ஒரு ரூபாய் அனுப்ப வேண்டும் என்றும், அல்லது இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ண வேண்டும் என்றும் சொல்வார். ஸ்கேன் பண்ணி பின் நம்பர் அடித்தால் உங்கள் பணம் போகும், ஒரு பைசாகூட வராது. பணம் வாங்குவதற்கு யாரும் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. நாடு முழுக்க எத்தனையோ வீட்டுக்காரர்கள் இதில் ஏமாந்திருக்கிறார்கள். ராணுவம் என்றால் நமக்கு இருக்கிற மரியாதையைத்தான் அவன் முதலாக வைக்கிறான். இவனிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். "போன ஊர்ல எந்த வீட்ல இருந்தீங்க சார், ஓனர் யார்?" லைன் கட் ஆகிவிடும். ஏற்கெனவே பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அந்த நிமிடமே 1930-க்குப் போன் போடுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் இன்னொரு அக்கவுன்டுக்குத் தாவிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நான் பாவி ஆவேன். விசாரிப்பது வேறு, ஆளைச் சலித்து ஒதுக்குவது வேறு. பெங்களூரில் வீடு தேடி அலைந்த தங்கவயல் பிள்ளைகளுக்கு அது தெரியும். "நீங்க என்ன ஆளுங்க?", "நான்வெஜ் சமைப்பீங்களா?", "சொந்த ஊர் கே.ஜி.எஃப்பா?" என்று கேட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் "வீடு வேற ஆளுக்குக் கொடுத்துட்டோம்" என்று சொல்வார்கள். அந்த அவமானத்தை அனுபவித்துவிட்டு வந்து நாமே அதை இன்னொருவருக்குச் செய்யலாமா? பழைய ஓனரிடம் வாடகையைப் பற்றி, வீட்டைப் பற்றி, நடத்தையைப் பற்றி மட்டும் கேளுங்கள். சாதி, மதம், சாப்பாடு எதுவும் அந்தப் பேச்சில் வரக்கூடாது. வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

சந்தேகப் பார்வையை எதிர்த்து நின்ற பழைய சரித்திரம் ஒன்றும் இந்த ஊருக்கு இருக்கிறது. 1930-இல் சுரங்கக் கம்பெனிகள் தொழிலாளிகள் எல்லோருடைய கைரேகையையும் எடுத்துப் பதிவு செய்யப் பார்த்தன. நாங்கள் என்ன திருடர்களா என்று நம் முன்னோர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுரங்கங்கள் நின்றன, கம்பெனிதான் இறங்கி வந்தது. அந்தத் தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம். வீடு கேட்டு வருகிறவரைக் குற்றவாளி போல நடத்தாமல் விசாரிக்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலிலேயே நேராகச் சொல்லிவிடுங்கள். "தம்பி, முன்னாடி இருந்த ரெண்டு வீட்லயும் கேப்பேன். அது எங்க வழக்கம், தப்பா நெனைக்காதீங்க." நல்லவர் ஒத்துக்கொள்வார். அந்தப் பழைய ஓனரோடு தகராறு இருந்தால் அவரே முந்திக்கொண்டு சொல்வார், "அட்வான்ஸ்ல பாதி பிடிச்சுக்கிட்டாங்க ஆன்ட்டி, அவங்க நல்லபடி சொல்ல மாட்டாங்க" என்று. அவர் பக்கத்தையும் கேளுங்கள். கெட்ட ஓனர்களும் ஊரில் இருக்கிறார்கள்தானே? புதிதாகக் கல்யாணமாகி முதல் முறை வாடகைக்கு வருகிறவர்களுக்கு பழைய ஓனரே இருக்க மாட்டார். வேலை செய்யும் இடத்து சூப்பர்வைசர், ஹாஸ்டல் வார்டன், அப்பா அம்மா குடியிருக்கிற தெரு என்று விசாரிக்க எவ்வளவோ இடம் உண்டு. ஆதார் வாங்கும்போதும் மரியாதை வேண்டும். நம்பரில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற ஆதார் பிரதியே போதும். அட்டையில் இருக்கிற கியூ.ஆர். கோடை ஆதார் ஆணையத்தின் ஆப்பில் ஸ்கேன் பண்ணினால் பெயரும் போட்டோவும் சரியா என்று பார்த்துவிடலாம். அவருடைய அட்டையை ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்பது பெரிய துரோகம்.

வீடு தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, குறிப்பாக லீசுக்குத் தேடுகிறவர்களுக்கு. உங்களுக்கும் இதே பாதுகாப்பு வேண்டும். அந்த வீட்டில் உங்களுக்கு முன்னால் இருந்தவர் யார், அவருக்குப் பணம் முழுசாகத் திரும்பியதா என்று தேடிப் போய்க் கேளுங்கள். கரண்ட் பில்லிலும் நகரசபை வரி ரசீதிலும் இருக்கிற பெயர்க்காரர் உங்கள் முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அக்கா மகன், தம்பி மாப்பிள்ளை, பவர் வாங்கினவர் யாரும் வேண்டாம். ஓனர் வேறு ஊரில் இருந்தால் வீடியோ காலிலாவது அவரைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். காவேரி ஆன்லைனில் இ.சி. (வில்லங்கச் சான்று) போட்டால் வீடு அடமானத்தில் இருக்கிறதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். தவணை கட்டாமல் பேங்க் வந்து சீல் வைத்த வீடுகளில் லீஸ்காரர்களின் பாத்திரம் பண்டம் தெருவுக்கு வந்த கதை பெங்களூரில் ஏராளம். அத்தை வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண், கீழ் வீட்டுக் கதவை ஒரே ஒரு தடவை தட்டிக் கேட்டிருந்தால் மூன்று லட்சம் மிஞ்சியிருக்கும். டெம்போ வந்து நிற்கிற வரை அத்தையை அவர் பார்த்ததே இல்லை. வீட்டைக் காட்டியபோது, "கீழ இருக்கிற பாட்டிக்குக் காது கேக்காது, தொந்தரவு பண்ணாதீங்க" என்று அவன் சொல்லியிருந்தானாம்.

போன மாதம் அத்தை மாடிக்கு மறுபடியும் ஆள் வந்தார்கள். உரிகத்தில் குடியிருக்கிற ஒரு குடும்பம். புருஷன் தினமும் ரயிலில் பெங்களூர் போய் வருகிறார், மனைவி தையல் வேலை. நம்பர் கொடுத்தார்கள். அத்தை நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் ஆட்டோ பிடித்து உரிகத்துக்கே போனார். நானும் கூடப் போனேன். அந்த வீட்டு அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "அவங்களா? நல்ல ஜனம்தான். போகவேணாம்னுதான் சொன்னேன், பிள்ளைக்கு ஸ்கூல் பக்கம்னு கேக்கல. ஆனா ஒண்ணு, மோட்டர் போட்டா மறந்துடுவாங்க. ரெண்டு தடவ டேங்க் வழிஞ்சி நடுராத்திரி நான் எழுந்து ஆஃப் பண்ணியிருக்கேன். மத்தபடி நாலு வருஷத்துல ஒரு மாசம்தான் வாடகை லேட்டு, அதுவும் சொல்லிட்டுத்தான்" என்றார். அங்கிருந்து அதற்கும் முந்தின வீட்டுக்குப் போனோம். அங்கேயும் மோட்டர் கதைதான்.

அத்தை அன்று சாயங்காலமே சாவியைக் கொடுத்துவிட்டார். மோட்டர் சுவிட்சுக்கு மேலே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியும் வைத்திருக்கிறார்.